துழாயும் குல்லையும்: நறுமணச் செடிகளை இனங்காணல் பற்றிய சில சிந்தனைகள்

1

பழந்தமிழ் இலக்கியங்களில் இடம்பெறும் செடிகொடிகளைப் பற்றி எழுதுவோர், ஒரு பெயரை எதிர்ப்படும்பொழுது உரைகளையும் நிகண்டுகளையும் அகராதிகளையும் நாடுவது வழக்கம். ஒரு பெயருக்கு மற்றொரு பெயரைக் கண்டதும் ஆராய்ச்சி முற்றுப்பெற்றதாக அமைதி கொள்வதும் உண்டு. இலக்கிய மாணவர் என்ற வகையில் நாமும் இவ்வழக்கத்துக்கு விலக்கானவர்கள் அல்லேம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், குறிஞ்சிப்பாட்டைப் பாடஞ்சொல்லும் பொருட்டுத் துளசிக் கொப்பு ஒன்றைக் கொண்டுவருமாறு மாணவரிடம் கேட்டிருந்தோம். மறுநாள் மேசைமீது ஐந்து கொப்புகள் கிடந்தன. ஐந்தும் துளசியே எனக் கொணர்ந்தோர் உறுதி கூறினர். ஆயின், அவை அனைத்தும் ஒரே செடியல்ல என்பது கண்ணுக்கும் மூக்குக்கும் தெளிவாகத் தெரிந்தது. எது துளசி, எது துளசியன்று எனச் சொல்ல எம்மால் இயலவில்லை. துழாய் பற்றிய பாடல்களை நெட்டுருவாக ஒப்புவிக்க வல்ல நாம், துழாயை இனங்காண மாட்டாதவர்கள் என்பது மாணவர் முன்னிலையிலேயே வெளிப்பட்டது.

அக்கொப்புகளைச் சந்தையில் மூலிகை விற்கும் மூதாட்டி ஒருவரிடம் காட்டினோம். பெயர்களைச் சொல்லத் தொடங்கிய எம்மை இடைமறித்து, "பேர் கிடக்கட்டும் தம்பி, தண்டை உருட்டிப் பாருங்கோ" என்றார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து உருட்டிப் பார்த்தோம். ஒன்றேனும் உருளவில்லை. "எல்லாம் சொந்தக்காரர்தான், ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளையள் இல்லை" என்று கூறியவாறே, பச்சைநிறக் கொப்பையும் கருஞ்சிவப்புக் கொப்பையும் ஒன்றாக வைத்து, "இது ரெண்டும் ஒண்டுதான், நிறந்தான் வேறை" என்றார். ஏனைய மூன்றையும் தனித்தனியே வைத்தார். பின்னர் தாவரவியல் நூல்களைக் கொண்டு ஒப்புநோக்கியபோது, அவருடைய வகைப்பாடு நூல்களின் வகைப்பாட்டோடு முற்றாக ஒத்திருந்தது.

அவர் எம்மினும் வேறான ஒரு வழியிற் சென்றார் என்பதே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. நாம் பெயரிலிருந்து செடிக்குச் சென்றோம். அவர் செடியின் உடலிலிருந்து பெயருக்கு வந்தார். இவ்விரண்டாவது வழியை விளக்குவதும், அதனால் இலக்கிய ஆராய்ச்சிக்கு உண்டாகக்கூடிய பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2

துளசி அடங்கும் தாவரக் குடும்பம் இன்று லேமியேசியே என வழங்கப்படுகிறது. ஏறத்தாழ 7000 இனங்களைக் கொண்ட பெருங்குடும்பம் இது. இதன் பழைய பெயராகிய லாபியேற்றே என்பது உதடு என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது. துளசியும் அதன் நெருங்கிய உறவுச்செடிகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை நான்கு உறுப்புகளைக் கொண்டு உணரலாம்.

முதலாவது தண்டு. இளந்தண்டு குறுக்குவெட்டில் நாற்கோணமாக இருக்கும். மூதாட்டி உருட்டிப் பார்க்கச் சொன்னதன் காரணம் இதுவே. அடித்தண்டு முதிர்ந்து மரத்தன்மை பெறும்பொழுது இக்கோணம் மழுங்கிவிடும். ஆதலின் நுனியை அடுத்த பகுதியையே சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது இலையொழுங்கு. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிரே தோன்றும். ஒரு கணுவின் இலைச்சோடி கிழக்கு மேற்காக அமைந்தால், அடுத்த கணுவின் சோடி வடக்குத் தெற்காக அமையும். செடியை மேலிருந்து பார்த்தால் இலைகள் சிலுவை வடிவில் நான்கு வரிசையாகத் தோன்றுவது இதனாலேயே. இலையை ஒளிக்கெதிரே பிடித்து, இயன்றாற் கைவில்லையொன்றின் துணையுடன் நோக்கினால், நுண்புள்ளிகள் தென்படும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கும்பொழுது எழும் மணம் அச்சுரப்பிகள் உடைவதன் விளைவேயாகும்.

மூன்றாவது பூ. அல்லி அடியிற் குழாயாக இணைந்து, மேலே இரண்டு உதடுகளாகப் பிரியும். கேசரங்கள் பெரும்பாலும் நான்கு. நான்காவது சூலகம். அது நான்கு சிறு புடைப்புகளாகப் பிளந்திருக்க, அவற்றின் நடுவே அடியிலிருந்து தம்பம் எழும். முதிர்ந்தபின் புல்லிவட்டத்தினுள்ளே நான்கு சிறிய கொட்டைகள் இருப்பதைக் காணலாம். மக்கள் விதை என்று கூறுவது இக்கொட்டைகளையே.

இவற்றுள் ஒன்றை மாத்திரம் கொண்டு முடிவு கட்டலாகாது. வேலியோரங்களில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடிக்கும் நாற்கோணத் தண்டும் எதிரொழுங்கு இலையும் கசக்கினால் எழும் மணமும் உண்டு. ஆயின் அதன் காய் சதைப்பற்றுடன் திரண்டு கருமையாகப் பழுக்கும். நான்கு உலர்ந்த கொட்டைகளாகப் பிரியாது. அது வேறொரு குடும்பத்தைச் சார்ந்தது. மறுபுறத்தில், அக்குடும்பத்துடன் முன்னர் சேர்த்து எண்ணப்பட்ட நொச்சியும் தேக்கும் 1990கள் முதலாக நடைபெற்ற ஆய்வுகளின் பயனாகத் துளசியின் குடும்பத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. அவற்றின் காய் துளசியின் காயைப் போன்றதன்று. விஞ்ஞான வகைப்பாடும் முடிந்த முடிபன்று. சான்றுகள் பெருகும்போது தன்னைத் தானே திருத்திக் கொள்வது என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

3

குடும்பத்தை அறிந்தபின் பேரினத்தை அறிதல் வேண்டும். ஓசிமம் எனப்படும் துளசிப் பேரினத்தைத் தும்பையோடு ஒப்பிடுவது விளக்கத்துக்கு உதவும். தும்பையின் மேலுதடு முக்காடு போல வளைந்து மயிரடர்ந்திருக்கும். கேசரங்கள் அம்முக்காட்டின் கீழே ஒளிந்து நிற்கும். துளசியில் இவ்வமைப்பு தலைகீழாக உள்ளது. அதன் மேலுதடு நான்கு சிறு பிளவுகளையுடையது, கீழுதடு பிளவுபடாதது. கேசரங்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து கீழுதட்டின்மீது படுத்திருக்கும். துளசியின் புல்லிவட்டமும் தனித்தன்மை வாய்ந்தது. அதன் மேற்பல் ஒன்று மாத்திரம் வட்டமாக அகன்று, விளிம்புகள் குழாயின்மீது வழிந்திறங்கியிருக்கும். பூ உதிர்ந்தபின்னும் இப்புல்லி வளர்ந்து நிலைத்திருப்பதால், பூவற்ற காலத்திலும் காய்த்த கதிரைக்கொண்டு துளசிப் பேரினத்தை அறியலாம்.

இனி, மேசைமீது கிடந்த ஐந்து கொப்புகளும் நான்கு இனங்களைச் சேர்ந்தவை. அவற்றைப் பிரித்தறியும் முறை வருமாறு:

துளசி எனத் தனித்து வழங்குவதன் தண்டிலும் காம்பிலும் மென்மயிர் நீண்டு விரிந்து நிற்கும். இலை சிறியது, விளிம்பு பல்லுடையது. கதிர் மெலிந்தது. பூக்காம்பு நுண்ணியதாயினும் புல்லியளவுக்கு நீண்டிருக்கும். பூ மிகச் சிறியது. 3 அல்லது 4 மில்லிமீற்றர் அளவினதாகிய அல்லி, புல்லியைச் சற்றே கடந்து தலைநீட்டும்.

திருநீற்றுப்பச்சையின் இலை ஏறக்குறைய மயிரற்று வழவழப்பாக இருக்கும். பூ வெண்மை அல்லது இளஞ்சிவப்பு. துளசிப் பூவைப்போல இருமடங்கு பெரியது. பூக்காம்பு குறுகியது. விதையை நீரிலிட்டாற் சில நிமிடங்களில் வெண்ணிறக் கூழ்ப்படலம் ஒன்று அதனைச் சூழ்ந்துகொள்ளும். துளசி விதையில் இப்படலம் சிறிதளவே தோன்றும். ஐயம் ஏற்படும்போது ஒரு கோப்பை நீரே போதிய ஆய்வுகூடமாகும்.

நாய்த்துளசி அல்லது கஞ்சாங்கோரை எனப்படுவது தரிசுகளிலும் வழியோரங்களிலும் தானே முளைப்பது. தோற்றத்தில் திருநீற்றுப்பச்சையின் சிறுவடிவம் எனலாம். பூ வெண்மை, அளவில் முற்கூறிய இரண்டுக்கும் இடைப்பட்டது. இதன் விதையும் நீரிற் கூழாகும்.

எலுமிச்சந்துளசி அல்லது பெருந்துளசி ஆளுயரம் வளர்ந்து அடியில் மரத்தன்மை பெறும் புதர். இலை ஏனையவற்றினும் மிகப் பெரிது. 10 சென்ரிமீற்றரையும் தாண்டுவதுண்டு. பூ வெளிர்பச்சை கலந்த வெண்மை.

4

மேற்கூறிய அடையாளங்களுள் நிறத்தையும் மணத்தையும் நாம் சேர்க்காமை கவனிக்கத்தக்கது. பொதுமக்கள் முதலில் நோக்குபவை அவையே. தவறுக்கு இடமளிப்பவையும் அவையே.

பச்சைத் துளசியும் கருந்துளசியும் இருவேறு தெய்வங்களின் பெயரால் வேறுபடுத்தி வழங்கப்படுகின்றன. ஆயின் தண்டின் மயிர், பூவின் அளவு, காம்பின் நீளம், புல்லியின் வடிவம் ஆகிய அனைத்திலும் அவை ஒன்றே. நிறவேறுபாடு ஓர் இனத்துக்குள் நிகழும் வேறுபாடு. மணமோ அதனினும் நிலையற்றது. திருநீற்றுப்பச்சை என்ற ஓரினத்துக்குள்ளேயே கராம்பு மணமுடையதும் பெருஞ்சீரகத்தை ஒத்த மணமுடையதும் உண்டு. எண்ணெயின் வேதியமைப்பு வளர்ப்புவகைக்கும் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுவதே இதற்குக் காரணம். மணம் குடும்பத்தை ஊகிக்க உதவும். இனத்தைத் துணிய உதவாது.

நிறத்தையும் மணத்தையும் விட வலிமை வாய்ந்த திரையொன்று உண்டு. அது சமுதாய மதிப்பாகும். துளசியின் விஞ்ஞானப் பெயரின் வரலாறே இதற்குச் சான்று. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளரான லினேயசு 1753இல் இச்செடிக்கு ஓசிமம் தெனுயிபுளோரம் எனப் பெயரிட்டார். மெல்லிய பூவையுடையது என்பது அதன் பொருள். 1767இல் அவரே ஓசிமம் சாங்ற்றம் என்னும் பெயரையும் வெளியிட்டார்; புனிதமானது என்பது இதன் பொருள். இரண்டாவது பெயரே நெடுங்காலம் நூல்களில் ஆட்சி செலுத்தியது. இரண்டும் ஒரே இனத்தைக் குறிப்பன என ஏற்கப்பட்டபின், முந்திய பெயருக்கே உரிமை என்ற விதிப்படி, தெனுயிபுளோரம் என்பதே இன்று ஏற்புடைய பெயராக உள்ளது. செடிக்கு மனிதர் அளித்த மதிப்பைச் சொன்ன பெயர் பின்தள்ளப்பட்டு, செடியின் உடலைச் சொன்ன பெயர் நிலைபெற்றிருக்கிறது.

இதனாற் சமுதாய மதிப்பு பொய்யென்றோ, ஆராயத்தகாததென்றோ நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். துழாய் திருமாலுக்குரியதாகப் பரிபாடலிலும் ஆழ்வார் பாசுரங்களிலும் போற்றப்படுவதும், ஆண்டாள் துளசிச் செடியருகே கண்டெடுக்கப்பட்டதாக மரபு கூறுவதும், கோயிலும் நந்தவனமும் நிலவுடைமையும் ஒன்றோடொன்று பிணைந்திருந்த ஒரு காலத்தின் கருத்துலகை விளக்குவன. நந்தவனத்துக்கு நீரிறைத்தோரும் பூக்கொய்தோரும் மாலை தொடுத்தோரும் அச்செடியை அன்றாடம் கையாற் பயின்றனர். புனிதம் பாடலாயிற்று, பயிற்சி வாய்மொழியாகவே நின்றது. ஒன்றை மற்றொன்றாக மயங்குவதே தவறு.

5

இம்மயக்கம் இலக்கிய ஆராய்ச்சியில் எவ்வாறு நேர்கிறது என்பதற்குக் குல்லை என்னும் சொல் நல்ல உதாரணம். அகராதிகள் இதற்குக் கஞ்சங்குல்லை, துளசி, கஞ்சா, வெட்சி எனப் பல பொருள் தருகின்றன. நச்சினார்க்கினியர் கஞ்சங்குல்லை என உரை காண்கிறார். பிற்காலத்தார் பலர் துளசி என எழுதி மேற்செல்கின்றனர். நான்கும் ஒருசேர உண்மையாதல் இயலாது.

குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் தொகுத்துக் கூறும் 99 மலர்களுள் குல்லையும் உண்டு, துழாயும் உண்டு. இரண்டும் வெவ்வேறிடங்களில் தனித்தனியே எண்ணப்படுகின்றன. எனவே குல்லை துழாயன்று என உடனே முடிவுசெய்யத் தோன்றும். ஆயின் இம்முடிபு அவசரமானது. அதே தொகுதியில் நெய்தல் இருமுறை வருகிறது. ஒரு செடியின் பெயர்களாகப் பலரும் கொள்ளும் தாழையும் கைதையும் தனித்தனியே வருகின்றன. தனித்து எண்ணப்படுதல் வலுவான குறிப்பே ஒழிய, முற்ற முடிந்த சான்றன்று. பெயர்ப்பட்டியல் கைவிடும் இடத்தில் நாம் உடலுக்குத் திரும்புதல் வேண்டும்.

பழம்பாடல்கள் குல்லையின் உடலைப் பற்றித் தரும் செய்திகள் சிலவே. திருமுருகாற்றுப்படையில் அது மலர்களுடன் சேர்த்துத் தலையிற் சூடப்படுகிறது. குறுந்தொகையில் வடுகர் அணியும் கண்ணியாகிறது. பொருநராற்றுப்படையில் வறட்சியைக் கூறுமிடத்தில் குல்லை கருகுகிறது. ஆகவே அது கண்ணியாகத் தொடுக்கத்தக்கது. வெப்பத்தில் முதலில் வாடிக் கருகும் இயல்பினது.

இவற்றை அகராதிப் பொருள்களோடு பொருத்திப் பார்க்கலாம். வெட்சி வன்மரத்தன்மையுடைய புதர். அதன் இலைக்கு மணமில்லை. நீண்ட குழாயும் நான்கு விரிந்த இதழ்களும் கொண்ட செந்நிறப் பூவே அதன் சிறப்பு. அத்தகைய பூவைக் கண்ட புலவர் நிறத்தைக் கூறாது விடுவது அரிது. கஞ்சாவின் இலை விரல்கள்போலப் பிளந்தது. அதன் பசிய நுண்பூக்கள் காற்றால் மகரந்தச் சேர்க்கை அடைவன. மலர்த்தொகுதியில் இடம்பெறுவதற்கு அவை பொருந்துவனவல்ல. கஞ்சங்குல்லை என்னும் பெயரின் முற்பகுதியிலுள்ள ஒலியொப்புமையே இப்பொருளுக்கு வழிவகுத்திருத்தல் கூடும். எஞ்சுவன துளசிப் பேரினத்துச் செடிகளே. இலையும் கதிரும் ஒருங்கே மணப்பதனால் கண்ணிக்கு உகந்தவை. பெரும்பாலானவை பூண்டுகள் ஆதலின் வறட்சியில் விரைந்து கருகுவன. கஞ்சாங்கோரை எனும் இன்றைய வழக்கும் உரையாசிரியரின் கஞ்சங்குல்லையை நினைவூட்டுவது.

ஆகவே, குல்லை துளசிப் பேரினத்தைச் சேர்ந்ததாகலாம் எனவும், வளர்க்கப்படும் துழாயினின்றும் வேறான, தானே முளைக்கும் ஓரினமாக இருத்தல் கூடும் எனவும் கருத இடமுண்டு. அதற்கு மேலே செல்லப் பாடல்கள் இடந்தரவில்லை. தண்டின் மயிரையோ பூக்காம்பின் நீளத்தையோ புலவர் பாடவில்லை. பாடவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

மற்றொன்றும் கவனத்துக்குரியது. குறிஞ்சிப்பாட்டில் துழாய்க்கு முன்னால் நிற்பது தும்பை. இரண்டும் ஒரே குடும்பத்தின; நாற்கோணத் தண்டும் ஈருதட்டுப் பூவும் இரண்டுக்கும் பொது. தொல்காப்பியத்தில் தும்பை போரின் திணைப்பெயராயிற்று. துழாய் தெய்வத்தின் மாலையாயிற்று. செடிகளின் உடலில் இவ்வேறுபாட்டுக்கு முழுமையான காரணம் எதுவுமில்லை. அதனை மனித உறவுகளின் வரலாற்றிலேயே தேடல் வேண்டும். குறிஞ்சிப்பாட்டின் அப்பகுதியிலோ, போரும் தெய்வமும் மறக்கப்பட்டு, மகளிர் கையாற் பறித்துக் குவித்த பூக்களாக இரண்டும் அருகருகே கிடக்கின்றன.

6

இவையெல்லாம் ஏட்டுப் பிரச்சினைகள் என எண்ணுதல் பொருந்தாது. இலங்கையில் சர்பத்திலும் பலூடாவிலும் இடப்படும் திருநீற்றுப்பச்சை விதையைக் கசகசா என்கிறோம். தமிழ்நாட்டிற் கசகசா என்பது அபினிச் செடியின் விதை. குழம்புக்கு அரைத்துச் சேர்ப்பது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. முன்னது நீரிற் கூழாவது, பின்னது ஆகாதது. முன்னது கறுப்பு, பின்னது பெரும்பாலும் வெண்மை. அபினிச் செடியின் விதையைச் சட்டத்தால் தடைசெய்துள்ள நாடுகளும் உள்ளன. பிறநாடு செல்லும் ஒருவரின் பொதியில் எக்கசகசா உள்ளது என்பதைத் தீர்மானிப்பது பெயரன்று, விதையின் உடலே.

சிங்கள மக்கள் துளசியை மதுருதலா என வழங்குவர். மதுரு என்பது நுளம்பு. ஒரு மொழி வழிபாட்டை முதன்மைப்படுத்த, அயல்மொழி பயன்பாட்டை முதன்மைப்படுத்துகிறது. இத்தகைய மக்கட்பெயர்கள் பல, குடியேற்ற ஆட்சிக்காலத் தாவரவியல் நூல்களிற் பதிவாகியுள்ளன. 1824இல் மூன் வெளியிட்ட தாவரப் பட்டியலும், பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த திரிமென் 1893இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவர நூலும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கன. அப்பெயர்களைச் சொல்லிக்கொடுத்த கிராமத்தவரிற் பெரும்பாலாரின் பெயர்கள் நூல்களில் இல்லை. 1821இல் நிறுவப்பட்ட அப்பூங்காவின் வளர்ச்சி பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் தேவைகளோடு பின்னிப்பிணைந்தது. எனினும் அந்நூல்களின் துல்லியத்தை அக்காரணம் பற்றி நாம் நிராகரிக்க முடியாது. உழைக்கும் மக்களின் அறிவு எவ்வழியாற் பெறப்பட்டிருப்பினும், அதனை மீட்டுப் பயன்படுத்துதல் நம் கடன்.

அவ்வறிவு கைவழியாகக் கையளிக்கப்படுவது. ஆகையால் எளிதில் அறுபடக்கூடியதும் ஆகும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது வீடுகளுடன் வளவுகளும் கைவிடப்பட்டன. மீண்டவர்கள் பலர் வளவில் முளைத்து நின்றவற்றைப் பெயர்சொல்லிக் காட்டும் முதியோரின்றியே மீண்டனர். பெயர் நினைவிலிருக்கச் செடி தெரியாதவரும், செடி முன்னால் நிற்கப் பெயர் தெரியாதவரும் ஒரே வீட்டில் வாழும் நிலை இன்று அரிதன்று.

7

முடிவாக, இலக்கியத்திற் செடிப்பெயர்களை ஆராய்வோர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கொன்றை முன்வைக்கலாம். முதலிற் பாடல்கள் அச்செடியின் உடலைப் பற்றிக் கூறுவன அனைத்தையும், பெயரை மறைத்துவிட்டுத் தொகுத்தல் வேண்டும். பின்னர், உரைகாரர் கூறும் செடிகள் ஒவ்வொன்றையும் தண்டு, இலையொழுங்கு, பூ, காய் என்ற முறையில் நேரிற் கண்டு ஒப்பிடல் வேண்டும். எஞ்சும் ஐயத்தை ஐயமென்றே எழுதுதல் வேண்டும். இறுதியிலேயே பெயரின் சமுதாய வரலாற்றுக்குச் செல்லல் வேண்டும். இவ்வொழுங்கு மாறும்போது, நாம் ஆராய்வது செடியையா, செடியைப் பற்றிய நமது நம்பிக்கையையா என்பது தெளிவற்றதாகி விடுகிறது.

தமிழ்த்துறையும் தாவரவியற்றுறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றன் வாயிலை மற்றொன்று மிதிப்பது அரிதாக உள்ளது. சந்தையோ இரண்டுக்கும் இன்னும் தொலைவில் உள்ளது. அடுத்த ஆண்டு குறிஞ்சிப்பாட்டுப் பாடத்தை ஆரம்பித்தபோது, நாம் உரைநூலைத் திறப்பதற்கு முன்னர் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொப்பைக் கொடுத்து, தண்டை உருட்டிப் பார்க்குமாறு கேட்டோம்.